ஓதலும் உணர்தலும்: ஜோகூர் நாட்டில் இஸ்லாமிய மூலநூல்கள் வழிகாட்டிய வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்கா நகரில் கம்போங் பாலி என்னும் பகுதியில் மூதாட்டியார் ஒருவர் பள்ளி நடத்தி வந்தார். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 200 பிள்ளைகள் அவரிடம் பயின்றனர். திருக்குர்ஆனை ஓதக் கற்றவர் சிலர். எழுதப் படிக்கக் கற்றவர் சிலர். அரசாங்க உதவி என்பதும் ஆசிரியர் பயிற்சி என்பதும் அறியப்படாத காலம் அது. அந்தப் பள்ளியில் எழுத்தறிந்த பேரப்பிள்ளை ஒருவர் பிற்காலத்தில் மலாய் உரைநடையின் தந்தை எனப் புகழப்பெற்றார். அவரே முன்ஷி அப்துல்லா. அவர் பிறந்தது 1796ஆம் ஆண்டு. மறைந்தது 1854ஆம் ஆண்டு.

அப்துல்லாவின் குடிவழி நம்மவர் அறிய வேண்டிய ஒன்று. அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். கடல் கடந்து நாகூருக்கு வந்து, அங்கே சமயமும் மொழியும் கற்பித்து, அவ்வூரிலேயே மணம் புரிந்தவர். அவருடைய மைந்தர்களுள் ஒருவர் மலாக்காவுக்குக் குடியேறி, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அப்பெண்மணியின் பெயர் பெரியாச்சி. மலாய் நூலொன்றின் முதல் ஏடுகளிலேயே நாகூரும் லெப்பையும் ஆச்சியும் இடம்பெற்றிருப்பதைக் காணும் தமிழ் வாசகர் சற்றே நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. அப்துல்லாவின் தந்தையார் மகனுக்குத் தமிழும் கற்பித்தார். வணிகக் கணக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் வேண்டும் என்பது அக்கால மலாக்காவில் வசதியுள்ள குடும்பங்களின் வழக்கம்.

இளமையிலேயே திருக்குர்ஆனைப் படியெடுத்து விற்றுப் பொருள் ஈட்டியவர் அப்துல்லா. மலாக்காக் கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு அவர் மறை ஓதக் கற்பித்தார். அவர்கள் இட்ட பட்டமே ‘முன்ஷி’ என்பது. ஓதற்பள்ளிகளின் தண்டனைகளையும் அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பிரம்படி, விரல்களை நெரிக்கும் இடுக்கி, காலில் கட்டை எனப் பலவும் அங்கு வருகின்றன. இன்றைய ஆசிரியர் அப்பகுதியைப் படித்தால் கூச்சமே மிஞ்சும்.

எனினும் அவர் மனத்தை உறுத்தியது தண்டனை அன்று. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஓதுகின்றனர். எழுத்துப் பிசகாமல், ஒலி தவறாமல் ஓதுகின்றனர். ஆனால் ஓதியதன் பொருளை அறிந்தவர் மிக அரியர் என்பதே அவர் குறை. தாய்மொழியை முறையாகக் கற்பதும் இல்லை, மறைமொழியின் பொருளை உணர்வதும் இல்லை என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வருந்தினார். 1840களில் எழுதப்பெற்று 1849இல் கல்லச்சில் வெளிவந்த நூல் அது. வழிகாட்டுவதற்கென வந்த நூல் விளங்காத மொழியில் இருக்குமானால் அது வழிகாட்டுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு மலாக்காவை அடுத்த ஜோகூர் நாடு தந்த விடை, ஏனைய நாடுகளின் விடையினின்றும் சிறிது வேறுபட்டது. அதைக் காணுமுன் மூலநூல்கள் யாவை என்பதைச் சுருங்க நோக்குதல் நலம்.

மூலம் இரண்டு

இஸ்லாத்தின் அடிப்படை நூல்கள் இரண்டு. ஒன்று திருக்குர்ஆன், மற்றொன்று நபிகள் நாயகத்தின் சொல், செயல், ஒப்புதல் ஆகியவற்றைக் கூறும் ஹதீஸ். கி.பி. 610 முதல் 632 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக நாயகத்துக்கு அருளப்பெற்றது திருக்குர்ஆன் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அதில் 114 அத்தியாயங்கள் உள்ளன. ஓதுவதற்கு எளிதாக அது 30 பாகங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. நாயகம் மறைந்த பின்னர், மறையை மனனம் செய்தோர் பலர் யமாமாப் போரில் வீழ்ந்தனர். அது கண்டு கவலையுற்ற கலீபா அபூபக்ர், ஸைது இப்னு ஸாபித் என்பவரைக் கொண்டு அதனைத் தொகுப்பித்தார். பேரீச்ச மட்டையிலும் தட்டைக் கல்லிலும் எழுதி வைத்தவற்றையும், மாந்தர் நெஞ்சில் பதிந்திருந்தவற்றையும் ஒப்பிட்டுத் திரட்டினர் என்பது மரபு. மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்தில் (644–656) ஒரே சீரான படிகள் எழுதப்பெற்றுப் பெருநகரங்களுக்கு அனுப்பப்பட்டன.

ஹதீஸ் தொகுப்புகளின் வரலாறு வேறு வகை. சுன்னி மரபினர் தலையாயவையாகக் கொள்ளும் ஆறு தொகுப்புகளும் 9ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுந்தவை. அவற்றைத் தொகுத்த அறுவரின் ஊர்களைப் பாருங்கள்: புகாரா, நிஷாப்பூர், திர்மிது, ஸிஜிஸ்தான், நஸா, கஸ்வீன். ஒன்றேனும் அரபு நாட்டில் இல்லை! அரபு மொழி பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவில் பிறந்தோரே அம்மொழியின் நபிமொழிகளை அலசி ஆராய்ந்து காத்தனர். நாகூர்க் குடிவழியினர் மலாக்காவில் மறை கற்பித்தது வியப்பன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஹதீஸ் நூல்களில் காணும் ஒரு நிகழ்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. முஆத் இப்னு ஜபல் என்னும் தோழரை ஏமனுக்கு அனுப்புகையில், வழக்கு வந்தால் எதைக் கொண்டு தீர்ப்பீர் என்று நாயகம் வினவினார். இறைமறையைக் கொண்டு என்றார் முஆத். அதில் காணாவிடில்? நபிவழியைக் கொண்டு. அதிலும் காணாவிடில்? தம் அறிவைக் கொண்டு இயன்றவரை முயல்வதாக அவர் கூற, நாயகம் மகிழ்ந்தார் என்பது செய்தி. மூலநூல் எல்லாவற்றையும் நேரே சொல்லிவிடுவதில்லை. திருக்குர்ஆனின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்களுள் சட்டம் பற்றியவை சில நூறே. எஞ்சியவற்றை அறிஞர்கள் ஆய்ந்து காண வேண்டியிருந்தது. அவ்வாறு எழுந்ததே ‘ஃபிக்ஹு’ என்னும் சட்ட இயல். அதனுள் நான்கு மத்ஹபுகள் நிலைபெற்றன. மலாய் மக்களும் சோழமண்டலக் கரை மரைக்காயர்களும் ஷாஃபியீ வழியினர். தமிழகத்தின் உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். இவ்வேறுபாடு பின்னர் ஜோகூரில் ஒரு புதுமையாக வந்து நிற்கும்.

ஊர்வலத்தில் வந்த நூல்

பொருள் தேடும் வேட்கை மலாய் நாட்டுக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டில் மன்சூர் ஷா மலாக்காவை ஆண்டபோது, மெக்காவில் இயற்றப்பட்ட ‘துர்ருல் மன்ஸூம்’ என்னும் சமயத் தத்துவ நூலை மௌலானா அபூபக்கர் என்பவர் கொண்டு வந்தார். இறைவனின் உள்ளமை, பண்பு, செயல் ஆகியவற்றை ஆராயும் நூல் அது. அரசர் அதனை ஊர்வலமாக எடுத்துவரச் செய்து அரண்மனையில் வரவேற்றார். பின்னர் அவர் செய்ததுதான் நம் கருத்துக்கு உரியது. அந்நூலைச் சுமத்திராவின் பாசை நகருக்கு அனுப்பி, அங்கிருந்த மக்தூம் பட்டாக்கான் என்னும் அறிஞரிடம் விளக்கம் எழுதி வாங்கினார். நூலுக்கு ஊர்வலம் போதும் என்று அவர் எண்ணவில்லை.

இச்செய்தியைக் கூறுவது ‘சுலாலத்துஸ் ஸலாத்தீன்’ என்னும் மலாய் அரச வரலாறு. அது உருப்பெற்ற இடம் ஜோகூர். 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் வீழ்ந்த பின், அரச மரபு ஜோகூர் ஆற்றங்கரைக்கு வந்தது. அங்கே பாத்து சாவாரில் பெண்டாஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612இல் அந்நூலைத் தொகுக்கும் பணியை ஏற்றார். அடுத்த ஆண்டே அச்சே நாட்டார் படையெடுத்து அவரையும் பிடித்துச் சென்றனர். நூலின் முன்னுரையில் அவர் தம் வம்சத்தை எண்ணிக்கொண்டே சென்று, மணி புரிந்தான் என்னும் மூதாதையில் முடிக்கிறார். கலிங்க நாட்டிலிருந்து வந்தவன் என்று அந்நூலே கூறும் அவன் வழியினரைத் தமிழ் முஸ்லிம் கலப்புடைய குடியினர் என வரலாற்றாசிரியர் பலர் கொள்வர்.

மலாக்காவிலிருந்து ஜோகூர் பெற்ற மற்றொரு செல்வம் சட்டச் சுவடி. ‘உண்டாங் உண்டாங் மலாக்கா’ எனப்படும் அச்சுவடி குற்றங்களுக்குத் தண்டம் கூறுகையில் பல இடங்களில் இரண்டு விதிகளை அடுத்தடுத்து வைக்கிறது. முதலில் ‘அடாட்’ என்னும் நாட்டு வழக்கு; பின்னர் இறைவன் விதி. இரண்டும் ஒரே ஏட்டில், ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன. மறைநூலின் வழிகாட்டல் என்பது பழைய வழக்கைத் துடைத்துவிட்டு வந்ததன்று, அதன் அருகில் வந்து அமர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

17ஆம் நூற்றாண்டில் அச்சேயின் அப்துர் ரவூஃப் சிங்கிலி, திருக்குர்ஆன் முழுமைக்கும் மலாய் மொழியில் விளக்கவுரை வரைந்தார். ‘தர்ஜுமானுல் முஸ்தஃபீது’ என்பது அதன் பெயர். மலாயில் முதல் முழு உரையும், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஒரே முழு உரையும் அதுவே. கெய்ரோ அறிஞர் இருவர் எழுதிய ‘ஜலாலைன்’ என்னும் அரபு உரையைப் பெரிதும் தழுவியது. தமிழகத்து மத்ரஸாக்களிலும் அந்த அரபு உரையே பாடநூல் என்பதால், கடலின் இரு கரையிலும் ஆலிம்கள் ஒரே வாயிலின் வழியாகவே மறைக்குள் நுழைந்தனர் எனலாம்.

மலாய் மொழியின் சமயச் சொற்களைப் பாருங்கள். நோன்புக்கு ‘புவாசா’, நற்பயனுக்கு ‘பஹாலா’, பாவத்துக்கு ‘டோசா’, துறக்கத்துக்கு ‘சியூர்கா’, நரகுக்கு ‘நெராக்கா’, சமயத்துக்கே ‘உகாமா’. உபவாசம், பலம், தோஷம், சுவர்க்கம், நரகம், ஆகமம் என்னும் வடசொற்களே இவை. அரபுக் கொள்கைக்கு மலாய் நாவில் பழகிய சொல்லையே அறிஞர்கள் எடுத்தாண்டனர். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, மறை, இறைவன் என்று வழங்குவதும் இத்தகையதே. எழுத்தும் அப்படித்தான். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதினால் அது ஜாவி. தமிழை அரபு எழுத்தில் எழுதினால் அது அரபுத்தமிழ். இரண்டிலும் தாய்மொழி ஒலிகளுக்கென அரபியில் இல்லாத எழுத்துகளைப் புள்ளியிட்டு ஆக்கிக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபுத்தமிழில் சமய நூல்கள் பல எழுந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அத்துறையில் தலைசிறந்தவர்.

தாய்மொழியில் எழுதலாமா என்ற தயக்கமும் இரு கரைக்கும் பொதுவே. உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாகப் பாட விரும்பிச் சதக்கத்துல்லா அப்பாவிடம் செய்தி வேண்டியபோது, அப்பெரியார் முதலில் இசையவில்லை என்றும், பின்னரே மனம் கனிந்து உதவச் செய்தார் என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. அந்தத் தயக்கத்தைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. வழிகாட்டும் நூலில் ஒரு சொல் பிறழ்ந்தால் வழியே பிறழும் என்ற அச்சம் அது. அவ்வச்சத்தைத் தாண்டிச் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களோடு நமக்குக் கிடைத்தது.

ஜோகூர் தந்த விடை

இனி 19ஆம் நூற்றாண்டு ஜோகூருக்கு வருவோம். முன்ஷி அப்துல்லாவின் மகன் முகமது இப்ராஹிம் முன்ஷி ஜோகூர் அரசில் பணியேற்று, ‘டத்தோ பெந்தாரா டாலாம்’ என்னும் உயர்பதவி வரை உயர்ந்தார். அவர் பணிபுரிந்த அரசர் அபூபக்கர். 1862இல் தெமெங்கோங்காகப் பட்டத்துக்கு வந்து, 1868இல் மகாராஜா என்றும், 1885இல் சுல்தான் என்றும் பெயர் பெற்றவர். சிங்கப்பூரில் கீஸ்பெரி பாதிரியாரின் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் அறிந்தவர், ஐரோப்பாவைச் சுற்றியவர். 1893இல் இஸ்தான்புல் சென்று துருக்கிச் சுல்தானையும் கண்டு வந்தார். கிறிஸ்தவப் பாதிரியாரிடம் எழுத்துக் கற்ற இவரே, தம் நாட்டில் இஸ்லாத்துக்குச் சட்ட வடிவம் தர அடித்தளம் இட்டவர். வரலாறு நாம் போடும் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

அக்காலத்தே சிங்கப்பூரில் ஜாவி அச்சு தழைத்தது. 1876இல் தொடங்கிய ‘ஜாவி பெரானாக்கான்’ முதல் மலாய்ச் செய்தித்தாள். தென்னிந்தியத் தந்தைவழியும் மலாய்த் தாய்வழியும் உடைய முஸ்லிம்களே அதை நடத்தினர். 1887இல் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழிதழை மகுதூம் சாயபு வெளியிட்டார். 1888இல் ஜோகூர் அதிகாரிகள் மலாய் மொழி வளர்ச்சிக்கென ஒரு சங்கம் கண்டனர். செயலாளரைக் குறிக்க இன்று மலாயில் வழங்கும் ‘செத்தியா உசாஹா’ என்னும் சொல் அச்சங்கத்தார் ஆக்கியது என்பர். அதைப் பிரித்துப் பார்த்தால் சத்தியமும் உற்சாகமும் தெரியும்! சட்டம் எழுதுவதற்கு வேண்டிய மலாய் உரைநடையும் அலுவலகச் சொற்களும் இவ்வாறு ஆயத்தமாயின.

1895ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஜோகூருக்கு எழுத்து வடிவில் அரசியலமைப்பு வழங்கப்பட்டது. இஸ்லாமே நாட்டின் சமயம் என்று அது கூறியது. பிற சமயத்தார் தத்தம் சமயத்தைப் பின்பற்றவும் இடம் தந்தது. இரண்டு மாதம் கழியுமுன், ஜூன் 4இல், அபூபக்கர் இலண்டனில் காலமானார். அவர் மைந்தர் சுல்தான் இப்ராஹிம் 1959 வரை ஆண்டார்.

இவர் காலத்தில்தான் ‘மஜல்லா’ வந்தது. துருக்கிப் பேரரசு 1869 முதல் 1876 வரை, அகமது ஜெவ்தெத் பாஷாவின் தலைமையில் அறிஞர் குழுவொன்றை அமர்த்தி, ஃபிக்ஹு நூல்களில் பரந்து கிடந்த பொருள் உறவுச் சட்டங்களை எண்ணிட்ட விதிகளாகத் தொகுத்தது. 16 பகுதிகள், 1,851 விதிகள். விற்பனை, வாடகை, பிணை, அடகு, அடைக்கலப் பொருள், நன்கொடை, கூட்டு வணிகம், முகவர், சான்று, நீதிபதி எனப் பொருள்கள் வரிசையாக வருகின்றன. துருக்கியில் எழுந்து அரபியிலும் பெயர்க்கப்பட்ட அந்நூல், 1913இல் மலாய் மொழியில் ‘மஜல்லா அஹ்காம் ஜோகூர்’ என்னும் பெயரோடு ஜோகூரில் வெளிவந்தது.

மூலநூல் எவ்வாறு சட்டமாகிறது என்பதை மஜல்லாவைப் போல் தெளிவாகக் காட்டும் நூல் அரிது. தொடக்கத்தில் 99 பொது நெறிகளை அது அடுக்குகிறது. அவற்றுள் சில, நபிமொழியே விதியாகி நிற்பவை. வழக்குத் தொடுத்தவன் சான்று காட்ட வேண்டும், மறுப்பவன் சத்தியம் செய்ய வேண்டும் என்னும் நெறி ஹதீஸிலிருந்து வந்தது. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்குக்குத் தீங்கும் செய்யலாகாது என்பதும் அவ்வாறே. நிலைபெற்ற வழக்காறு நீதிமன்றத்தில் மதிக்கப்படும் என்ற நெறியும் உண்டு. அடாட்டையும் இறைவிதியையும் ஒரே ஏட்டில் வைத்த மலாய் மரபுக்கு இந்நெறி அந்நியமாகத் தோன்றியிருக்காது.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகை பற்றியதன்று, மறுமை பற்றியதன்று. கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்க, எழுதுபவன் நேர்மையாக எழுதுக, சாட்சிகளை வைத்துக்கொள்க என்று விரித்துரைப்பதே அது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கைம்மாற்றாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரிவோர் எந்தத் தோட்டத்திலும் எந்தச் சமயத்திலும் உண்டு. மறைநூல் வழிகாட்டுவது விண்ணுலகுக்கு மட்டும் என்று எண்ணுவோருக்கு இவ்வசனம் நல்ல மறுமொழி. மஜல்லாவின் 16 பகுதிகளும் இத்தகைய மண்ணுலகக் காரியங்களைப் பற்றியனவே.

இதில் ஒரு புதுமை உண்டு. ஜோகூர் மக்கள் ஷாஃபியீ வழியினர். மஜல்லாவோ ஹனஃபி வழிச் சட்டம். வேறுபாடு ஏட்டளவில் மட்டும் நின்றதன்று. காணாத சரக்கை வாங்குவதை எடுத்துக்கொள்வோம். ஷாஃபியீ வழியில் வலுப்பெற்ற கருத்துப்படி அவ்விற்பனை செல்லாது. ஹனஃபி வழியில் செல்லும். ஆனால் சரக்கைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவனுக்கு உரிமை உண்டு. மஜல்லா இரண்டாம் வழியையே விதியாக்கியது. கேம்பியரும் மிளகும் கப்பலேறிய நாட்டில் எது வசதியானது என்று சொல்ல வேண்டியதில்லை. இரு வழியினரும் ஒரே மறையையும் ஒரே ஹதீஸ் தொகுப்புகளையும் கையில் வைத்துக்கொண்டே வேறு முடிவுகளுக்கு வந்தவர்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று.

எனினும் மத்ஹபை விட்டு அயல் வழிச் சட்டத்தை ஏன் ஏற்க வேண்டும்? காலத்தை நோக்கினால் ஒரு காரணம் புலப்படும். 1910இல் டக்ளஸ் காம்பெல் என்னும் ஆங்கில ஆலோசகர் ஜோகூர் வந்தார். 1914ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆலோசகரின் சொல்லுக்குக் கட்டுப்படும் நிலை உறுதியாயிற்று. மஜல்லா வெளிவந்த 1913 இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஷாஃபியீ கித்தாபுகள் ஆயிரம் இருந்தன. ஆனால் எண்ணிட்ட விதிகளாக, ஓர் அரசாங்கத்தின் முத்திரையோடு, ஆங்கிலேயன் எடுத்துப் புரட்டினால் சட்டம் என்று ஒப்புக்கொள்ளும் வடிவில் இருந்தது மஜல்லா. எமக்கும் எழுதிய சட்டம் உண்டு என்று காட்ட வேண்டிய வேளையில் கைக்கெட்டிய நூல் அது. சமயப் பற்று மட்டுமே காரணம் என்பார் கூற்று அரை உண்மைதான்.

மஜல்லா திருமணம், மணவிலக்கு பற்றிப் பேசவில்லை. அவற்றுக்காக ஜோகூர் பின்னர் எகிப்தின் கத்ரி பாஷா தொகுத்த குடும்பச் சட்டத்தைத் தழுவி ஒரு நூல் வெளியிட்டது. அதுவும் ஹனஃபி மூலமுடையதே.

சட்டத்துக்குப் பின்

மஜல்லாவின் வாழ்வு நீளவில்லை. பிறந்த இடமாகிய துருக்கியே 1926இல் அதைக் கைவிட்டு ஐரோப்பியச் சட்டத்தை ஏற்றது. மலாயாவில் ஆங்கில நீதிபதிகளும் ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர்களும் பெருகப் பெருக, பொருள் வழக்குகளில் ஆங்கிலச் சட்டமே மேலோங்கியது. 1951இல் ஆங்கிலப் பொதுச்சட்டத்தை ஏற்கும் சட்டம், கூட்டு மாநிலங்களைச் சேராத ஜோகூர் போன்ற மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. திருமணம், வாரிசுரிமை, வக்ஃபு போன்றவை மட்டும் காஜியின் மன்றத்தில் தங்கின. நீதிமன்றம் போன இடத்தில் நூல் போகவில்லை.

ஆனால் மக்களின் கேள்விகள் நிற்கவில்லை. 1930களின் நடுவில் ஹத்ரமௌத்தைச் சேர்ந்த சையிது அலவி பின் தாஹிர் அல்-ஹத்தாது ஜோகூரின் முஃப்தியானார். பல ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். மக்கள் கேட்ட வினாக்களுக்கு அவர் தந்த மறுமொழிகள் பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. மஜல்லாவில் விதி முன்னே வந்து வழக்குக்காகக் காத்திருந்தது. முஃப்தியிடமோ வழக்கு முன்னே வந்தது, விதியைத் தேடி அவர் கித்தாபுகளுக்குள் சென்றார். முஆத் ஏமனுக்குப் புறப்பட்டபோது சொன்ன வரிசை இதுதான்.

ஜோகூரில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மறை அரபியில், அரசு வெளியிட்டவை மலாய் மொழியில், ஜாவி எழுத்தில். இருமொழியும் சரளமாகாத கடைச் சிப்பந்திக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் பொருள் சொல்ல ஊரிலிருந்து வந்த லெப்பையே துணை. இக்குறை தீர வழி வேலூரிலிருந்து வந்தது. அங்குள்ள பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் கற்றுப் பாகவி என்னும் பட்டம் பெற்ற அ.கா. அப்துல் ஹமீது பாகவி, திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். முதற்பாகம் 1929இல் வந்தது. முழு நூல் அச்சாக 1949 ஆயிற்று. 20 ஆண்டு இடைவெளி! அரபு மூலத்தை அருகில் வைத்து, மூலத்தில் சொல்லாக இல்லாத விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் இட்டு, எது இறைமொழி, எது தம்மொழி என்று வாசகன் பிரித்தறியுமாறு அவர் அமைத்தார். சதக்கத்துல்லா அப்பாவின் தயக்கத்துக்குத் தக்க மதிப்பளித்தும், அதனாலேயே நின்றுவிடாமலும் செய்த பணி அது.

மலாய் மொழியிலும் அப்துல்லா பஸ்மே எழுதிய ‘பிம்பினான் அர்-ரஹ்மான்’ என்னும் முழு உரை 1968 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. முதலில் அது ஜாவி எழுத்திலேயே அச்சாயிற்று. ‘பிம்பினான்’ என்னும் சொல்லுக்கே வழிகாட்டல் என்று பொருள். மறையின் அரபு மூலம் பிழையின்றி அச்சாவதைக் கண்காணிக்க மலேசியா 1986இல் தனிச் சட்டமே இயற்றியது. பொருள் எத்தனை மொழியில் வந்தாலும் மூலத்தின் ஓர் எழுத்தும் அசையலாகாது என்ற பழைய கவலை புதிய வடிவில் தொடர்கிறது.

ஜோகூரில் அரசாங்கச் சமயப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. நாட்பள்ளி ஒரு வேளை, சமயப் பள்ளி மறுவேளை என்று மலாய்ப் பிள்ளைகள் இரண்டு சீருடைகளோடு வளர்கின்றனர். சிற்றூர்களில் ‘முக்காடம்’ என்னும் சிறு நூலைக் கொண்டே ஓதல் தொடங்கும். எழுத்துக் கூட்டி, பின் சொல், பின் குறு அத்தியாயம். அப்துல்லாவின் பாட்டியார் காலத்து முறைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை, இடுக்கிக் கருவி ஒழிந்ததைத் தவிர. வேறுபாடு அடுத்த பாடவேளையில் இருக்கிறது. ஓதல் முடிந்ததும் பிள்ளைகள் மற்றொரு நூலைத் திறக்கின்றனர். அதே வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து. ஆனால் மொழி மலாய். தூய்மை செய்யும் முறை, கொடுக்கல் வாங்கலில் கூடுவது, கூடாதது, அண்டை வீட்டாருக்குரிய கடமை ஆகியவற்றைத் தாய்மொழியில் ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் ஜாவியில் எழுதிக்கொள்கின்றனர்.